அக்காவுக்குப் போட்ட தொண்ணூற்றெட்டு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் மற்றதைச் சொல்லச் சுலபமாக இருக்கும். நாய் என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். சூப்பர்வைசர் பெயர் போனில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "அரசாங்கம் செய்யறதுல உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்பது. அதுவும் ஆறு வருஷம்.

கம்பெனி தனியாருடையது. ஒரு திட்டம் எப்படி நடக்கிறது, புதிதாக ஒன்று கொண்டுவந்தால் சனங்கள் என்ன சொல்வார்கள் என்று அதிகாரிகள் தெரிந்துகொள்ள நினைத்தால் அந்த வேலை எங்களிடம் வரும். கையில் ஒரு டேப், அதாவது சிலேட்டு அளவு போன், கொடுப்பார்கள். அதில் கேள்வி இருக்கும், பதிலுக்கு எண்கள் இருக்கும். ஒன்று என்றால் மிகவும் திருப்தி, ஐந்து என்றால் துளியும் இல்லை. பட்டியலின் கடைசியில் தொண்ணூற்றெட்டு என்று ஒரு எண். 'கருத்து இல்லை' என்று அதற்கு அர்த்தம். காரணம் எழுத, கீழே காலியாக ஒரு கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்துக்கு முக்கால்வாசி நாள் வேலையே இருக்காது.

தொண்ணூற்றெட்டுதான் என்னைக் காப்பாற்றிய தெய்வம். மயிலாப்பூரில் ஒரு மாமா கதவைப் பாதி திறந்து, "ஆத்துல யாரும் இல்லையேம்மா, அப்புறம் வாங்கோ" என்பார், தானே முழு ஆளாக நின்றுகொண்டு. தி.நகரில் ஒரு துணிக்கடைக்காரர் சொத்து வரியைப் பற்றி அரைமணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டு, திடீரென்று குரலை இறக்கி, "இதெல்லாம் எழுதிடாதம்மா, ஏதாச்சும் வம்பாயிடப் போவுது" என்பார். சரி என்று தொண்ணூற்றெட்டை அமுக்குவேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மனுஷரை வம்பிலிருந்து தப்பிக்க வைத்தேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

அந்த எண் ஒரு தடவைகூடத் தேவைப்படாத ஒரே ஆள், பெசன்ட் நகரை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்ற அக்கா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தால் என்னோடு சண்டைக்கு வருவார்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது மருமகள்தான் இருந்தாள். "அத்த ரோட்டாண்ட கீது, அங்க போ" என்றாள். கடற்கரைக்குத் திரும்பும் சாலை ஓரத்தில், சாயம் போன பெரிய குடைக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை இழுத்து முடிந்த கொண்டை, இடுப்பில் சொருகிய சேலை, முழங்கை வரை செதில். நான் வழக்கம்போல மனப்பாடமாக ஒப்பித்தேன்: உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும், உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது.

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏன் வெளியிட மாட்ட?"

"அது வந்துக்கா, உங்க பாதுகாப்புக்காக..."

"நான் இன்னா திருடிக்கினா வந்தேன்? பேர போடு. எங்கூட்டுக்காரு பேர போடு. வூட்டு நம்பர போடு. பேர் இல்லாம சொன்னா எவன் மதிப்பான்?"

சொல்லிவிட்டுத் தன் பெயரை, இரண்டு பக்கத்துக் கடைக்காரிகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். மீன் வாங்க வந்த ஒரு அம்மா மட்டும் சிரித்தாள்.

மற்றவர்களுக்கு அரைமணி பிடிக்கும் படிவம் அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து பற்றிக் கேட்டேன். எல்லோரும் சட்டென்று 'ஒன்று' சொல்லும் கேள்வி அது. இவர் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லது. அத்த மொதல்ல எய்து. எம்மருமவ ஆஸ்பத்திரிக்குப் போறா, வர்றா, யார் கையயும் எதிர்பாக்க வேணாம். ஆனா கூடைய தூக்கிகினு நான் நின்னா பஸ்ஸு நிக்காம பூடுது. நாறுதாம். அப்போ ஃப்ரீ எனக்கா, எங்கூடைக்கா? பஸ்ஸு பின்னால கூடைக்கு ஒரு எடம் வுட சொல்லு. அதையும் எய்து."

"அக்கா, ஒரு நம்பர் சொல்லுங்க போதும்."

"நம்பரு நீ போட்டுக்கோ. நான் சொன்னது கீழ வரணும். எய்திட்டியா? படி."

இந்தப் 'படி'தான் அவர் வழக்கம். நான் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வார்த்தை விட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு கொடுப்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அத்த மட்டும் எவன் வந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு எய்து" என்றார். மதுக்கடையைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் அசந்துபோனேன். மூடணும் என்று ஆவேசமாகச் சொல்வார் என்று எண்ணி விரலை அந்தப் பதில்மேலேயே தயாராக வைத்திருந்தேன்.

"மூடாத" என்றார்.

பக்கத்துக் கடைக்காரி, "இன்னாக்கா, ஒம்புருசன் குடிச்சுத்தானே பூட்டாரு?" என்று கேட்டாள்.

"பூட்டாரு. அதுனாலதான் சொல்றேன். கட மூடியிருந்த நாள்ல அந்தாளு எத்த எத்த வாங்கிக் குடிச்சான்னு எனக்குத் தெரியும். மூடாத, ஆனா இஸ்கூலு போற வழில வெக்காத. வாங்க வர்றவன் நடந்து போவட்டும், தூரம் தள்ளி வெய்யி." அடுத்த மீனை எடுத்து வாலை வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "படி" என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'கேள்வி'. "வா கேள்வி, குந்து" என்பார். இரண்டாம் சுற்று, ரேஷன் கடை பற்றியது. அப்போது போனபோது அவர் குடைக்குப் பக்கத்தில் ஒரு வண்டி அளவுக்கு உடைந்த செங்கலும் சிமெண்டுக் கட்டியும் குவிந்து கிடந்தன. அவர் அந்தக் குவியலை ஒட்டிப் பெட்டியைப் போட்டு, எதுவும் நடக்காததுபோல வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"காலைல வந்து பாத்தா கீது. எவனோ கொட்டிட்டு பூட்டான்."

எவன் என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சொன்னவள் மருமகள். குப்பத்தில் ஒருவர் இருந்தார். சமுதாயக்கூடத்துச் சாவி, பொதுக் கழிப்பறைச் சாவி, தண்ணீர் மோட்டார்ச் சாவி எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். எந்தப் பதவியிலும் இல்லை, ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் திறக்காது. ரேஷன் கடையில் அவருடைய ஆட்களுக்கு மட்டும் ஏன் வரிசை கிடையாது என்று முந்தைய வாரம் அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் இந்தக் குவியல். "மெல்லப் பேசுன்னு சொன்னா கேக்கறதே இல்லக்கா அது" என்று மருமகள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். அவள் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. அந்தச் சாலையோரத்து இடம்தான் அந்த வீட்டுக்குச் சோறு. அந்த இடம் போனால் அக்கா, மருமகள், குழந்தை மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை.

அன்றைக்குப் படிவத்தில் கடைசிக் கேள்வி இது: 'உங்கள் பகுதியில் பயமில்லாமல் வாழ முடிகிறதா?' டேப்பைப் பார்த்தபடியே வாசித்தேன். அந்தக் குவியலை வைத்துக்கொண்டு இதைக் கேட்பதா?

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"கேள்வி உங்களுக்குக்கா."

"தெரியுது. உனக்கு இன்னா நம்பரு?"

ஆறு வருஷத்தில் யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவார். தேனாம்பேட்டையில் பொண்ணு ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக நடந்து வந்து தானே பூட்டைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். நான் போய்ச் சேரும்வரை எனக்கு உயிர் என்னிடம் இருக்காது. ஒரு நாள் அவள் போன் எடுக்கவில்லை என்று அடையாற்றிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறேன். பார்த்தால் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "எனக்கு அஞ்சுதாங்க்கா" என்றேன்.

அவர் என் டேப்பைக் காட்டினார். "எனக்கு ரெண்டு போடு" என்றார். "பயம் கீது. ஆனா இங்க குந்த வுடாத அளவுக்கு இல்ல." பிறகு இரண்டு மத்தியை எடுத்து இலையில் சுற்றி என் பையில் போட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரிந்து நானும் பர்ஸை எடுக்கவில்லை. வீட்டில் அன்று மத்திக் குழம்பு.

மூன்றாவது சுற்றுதான் என்னைக் கொன்றது.

சாலையோரத்து மீன் வியாபாரத்தை எடுத்துவிட்டு, உள்ளே தள்ளி ஒரு மார்க்கெட் கட்டடத்தில் ஆளுக்கொரு மேடை கொடுப்பது என்று திட்டம். சம்மதமா என்று சாலையில் விற்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். இந்தத் தடவை ரகசியம் கிடையாது. பெயர், வீட்டு எண் எல்லாம் படிவத்திலேயே உண்டு. அக்காவுக்கு அதில் ஏக சந்தோஷம்.

"கட்டடம் நல்லதுதான்" என்று ஆரம்பித்தார். "தண்ணி வரும், வெயிலு கெடையாது, ஈ மொய்க்காது. நல்லத நல்லதுன்னு எய்து. ஆனா எனக்கு சம்மதம் இல்ல. மூணு காரணம். மீன் போட்டு கரையேறுற எடத்துக்கும் அதுக்கும் தூரம், நான் ஐஸ்ஸு வாங்கியே அழிஞ்சிடுவேன். ரெண்டாவது, வாக்கிங் வர்றவங்க போற வழில பாத்துத்தான் வாங்குறாங்க, எவனும் உள்ள தேடிகினு வர மாட்டான். மூணாவது," என்று சொல்லிச் சமுதாயக்கூடத்துப் பக்கம் கையை நீட்டினார், "எந்த மேடை யாருக்குன்னு யார் சொல்லுவா? சாவி யார் கைல இருக்கும்? அந்தாளு கைலதானே? அந்தாளு பேரையும் எய்து."

பெயரைச் சொன்னார், அப்பன் பெயரோடு. எங்கள் டேப் தானாகவே பேச்சைப் பதிவு செய்யும், அலுவலகத்தில் சரிபார்ப்பதற்காக. அந்தப் பெயர் இந்நேரம் அதற்குள் போயிருக்கும்.

"அக்கா, ஆள் பேரெல்லாம் வேணாங்க்கா. பொதுவா எழுதிக்கறேன்."

"பொதுவா எய்துனா எந்தச் சாவின்னு எவனுக்குத் தெரியும்? எய்து. எய்திட்டியா? படி."

எழுதினேன். படித்தேன். அதே வரிசையில் இன்னும் நான்கு வீட்டுப் பெண்களிடம் கேட்டேன். நான்கு பேரும், "அக்கா இன்னா சொல்லுச்சோ அத்தான்" என்றார்கள். அவர்களுக்கும் அந்த மூன்று காரணங்களையே எழுதிக்கொண்டேன்.

சந்து முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தச் சாவிக்காரர் உட்கார்ந்திருந்தார். முரட்டு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மெலிந்த உடம்பு, படிய வாரிய தலை, குரலே எழும்பாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"வெயில்ல அலையறீங்களேம்மா. ஒக்காருங்க. அக்கா ரொம்ப பேசுச்சா?"

"இல்லீங்க. படிவம்தான் கேட்டேன்."

"அது அப்டித்தான், வாய் நிக்காது. நீங்க படிச்சவங்க, பாத்து எழுதியிருப்பீங்க." சிரித்தார். "தேனாம்பேட்ட பஸ்ஸு இப்போ விட்டா அப்புறம் கூட்டமாயிடும். சீக்கிரமா போங்க. பொண்ணு இஸ்கூல்லேந்து தனியாத்தானே வருது, அந்தப் பெட்ரோல் பங்க் வழியா?"

அவ்வளவுதான் சொன்னார். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் தலையாட்டினேன், ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. என் வீடும் பொண்ணும் பெட்ரோல் பங்க்கும் அவருக்கு எப்படித் தெரிந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் சொன்னாரா, யாராவது பின்னால் வந்தார்களா? அக்காவிடம் நான் சொன்னது பக்கத்துக் கடை வழியாகப் போனதா? எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன்.

பேருந்தில் உட்கார்ந்ததும் முதலில் பொண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போடு, யார் தட்டினாலும் திறக்காதே என்றேன். "ஏம்மா இப்டி பயமுறுத்துற?" என்றாள். அதற்குப் பிறகு டேப்பைத் திறந்தேன். படிவங்கள் இன்னும் அனுப்பாமல் அதிலேயே இருந்தன. அக்காவின் படிவத்தை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்த மூன்று காரணங்களையும் அழித்தேன். அந்தப் பெயரை அழித்தேன். பேசியது தனியாகப் பதிவாகியிருந்தது, அதையும் 'இரைச்சல், கேட்கவில்லை' என்று குறித்துத் தூக்கிவிட்டேன். 'சம்மதம்' என்று போட மனசு வரவில்லை. அந்த அளவுக்கு நான் மோசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொண்ணூற்றெட்டை அமுக்கினேன். பிறகு மற்ற நான்கு வீட்டுக்கும் அதே மாதிரி அழித்துத் தொண்ணூற்றெட்டு. 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றேன். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என்னை மட்டும் இல்லை, அக்காவையும் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்தப் பெயர் எங்கும் இல்லை, இனி யாரும் செங்கல் கொட்ட மாட்டார்கள் என்று.

இப்போது அந்தச் சாலையில் குடை எதுவும் கிடையாது. ஓரமெல்லாம் கல் பதித்து, வரிசையாகச் செடி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கூட்டம் நடந்தது. சமுதாயக்கூடத்தில், பகல் மூன்று மணிக்கு. வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கவும் தண்ணீர் பாட்டில் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் என்னை அனுப்பிவிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சாவிக்காரர்தான் கூடத்தைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டு வாசலிலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

கூட்டம் நடத்த வந்த அதிகாரி நல்ல மனுஷர். அதையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடி போட்ட, பொறுமையான ஆள். திட்டத்தை விளக்கிவிட்டு, கையிலிருந்த தாள்களைப் புரட்டி, "வீடு வீடா கேட்டதுல சில பேர் சம்மதம் சொல்லியிருக்காங்க, சில பேர் கருத்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க. எதிர்ப்புன்னு யாரும் பதியல" என்றார்.

அக்கா எழுந்தார். வழக்கம்போலப் பெயர், புருஷன் பெயர், வீட்டு எண் எல்லாம் சொன்னார். "எங்கையில கேட்டாங்க சார். நான் சம்மதம் இல்லன்னு சொன்னேன். மூணு காரணம் சொன்னேன். எய்தி, படிச்சும் காட்னாங்க."

அதிகாரி தாளில் விரலை ஓட்டினார். "உங்க வீட்டுக்குக் கருத்து இல்லைன்னுதாம்மா இருக்கு."

கூடமே கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒரு ஆள், "யாருக்கு? இந்தக்காவுக்கா கருத்து இல்ல?" என்று கத்தினான். மறுபடி சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி விழுந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கையிலிருந்த பாட்டில் நழுவி உருண்டு ஓடியது.

அதிகாரி கையைத் தூக்கிச் சிரிப்பை அடக்கினார். "தப்பா பதிஞ்சிருந்தா இப்பவே திருத்திடலாம்மா. உங்ககிட்ட வந்து கேட்டது யாரு? இங்க இருக்காங்களா? அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் மாத்தி எழுதிக்கறேன்."

ஒரு வார்த்தை. நான் நாலடி தூரத்தில்தான் நின்றேன். 'நான்தான் சார்' என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. வாசல் பக்கம் பார்த்தேன். சாவிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதே மரியாதையான சிரிப்போடு. கையைத் தூக்கி மணியைப் பார்த்தார். மூன்றரை. பள்ளிக்கூடம் விடும் நேரம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்த திசையிலேயே அவரும் வாசலைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. ஆம்பளையா, பொம்பளையா?"

"ஞாபகம் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரி, "இன்னாக்கா, தோ அந்தப் பொண்ணுதானே..." என்று ஆரம்பித்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி, "அப்போ நான் என்னம்மா செய்ய முடியும்?" என்று சொல்லித் தாளைத் திருப்பினார். அக்கா உட்கார்ந்துவிட்டார். மற்ற நான்கு பெண்களும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், யாரும் எழவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், எனக்காகத்தான். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா மாத்துன?"

"ஆமாக்கா."

"அந்தாளு ஏதாச்சும் சொன்னானா?"

"பொண்ண பத்தி சொன்னாருக்கா. எந்த வழியா வருதுன்னு சொன்னாரு." சொல்லும்போதே அழுதுவிட்டேன். "உங்களுக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதாங்க்கா..."

"எனக்கு ஆவறத நீ ஏன் பாக்குற?" குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவரைத் தெரிந்த காலத்தில் அன்று ஒருநாள்தான் அவர் மெல்லப் பேசினார். "நீ பயந்தது தப்பே இல்ல கேள்வி. பொம்பளப் புள்ளய வெச்சிகினு பயப்படாம இன்னா பண்ணுவ? எங்கையில வந்து சொல்லியிருந்தா நானே எய்தாதன்னு சொல்லியிருப்பேன். என் வாயால சொல்லியிருப்பேன். எனக்குக் கருத்து இல்லன்னு நீயா எப்படிப் போடுவ?"

அவர் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? கேக்கறதுதானே உன் வேல?"